பரிணாமக் கோட்பாடு: பாதி விடையோடு வெளிவந்து எழுபது ஆண்டுகள் காத்திருந்த கதை

பரிணாமக் கோட்பாடு என்று ஒரே பெயரால் சொல்கிறோம். ஆனால் அதற்குள் இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. உயிரினங்கள் காலப்போக்கில் மாறிவந்திருக்கின்றன, இன்றுள்ளவை எல்லாம் பழைய மூதாதைகளிலிருந்து கிளைத்தவை என்பது முதலாவது. அந்த மாற்றத்தை நடத்தும் முக்கிய விசை இயற்கைத் தேர்வு என்பது இரண்டாவது. சார்லஸ் டார்வின் 1859இல் இரண்டையும் ஒரே நூலில் வைத்தார். முதலாவதை அறிவியல் உலகம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருமளவு ஏற்றுக்கொண்டது. இரண்டாவதோ 1900 வாக்கில் பல உயிரியலாளர்களால் ஓரங்கட்டப்பட்டுக் கிடந்தது.

இயற்கைத் தேர்வை எதிர்த்தவர்களை மதப்பற்றாளர்கள் என்றோ பழமைவாதிகள் என்றோ ஒதுக்கிவிட முடியாது. அவர்களில் சிலர் அக்காலத்தின் தலைசிறந்த இயற்பியலாளர்கள், பொறியாளர்கள். அவர்கள் போட்ட கணக்கு அன்றைய அறிவுக்குச் சரியாகவே இருந்தது. எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தப்பட்டது என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் இந்தக் கோட்பாடு எதன்மேல் நிற்கிறது என்பது தெரியும்.

முதலில் தேவைப்பட்டது காலம்

உயிர்கள் மெல்ல மாறின என்று சொல்ல வேண்டுமானால் பூமிக்குப் போதிய வயது இருக்க வேண்டும். அந்த வயதை முதலில் காட்டியவர்கள் பாறைகளைப் படித்தவர்கள். 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் சிக்கார் முனை என்ற இடத்தைப் பார்த்தார். அங்கே அடியில் சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தேய்ந்த முனைகளுக்கு மேலே சிவப்பு மணற்பாறை சற்றே சாய்ந்து படுத்திருக்கிறது.

இப்படி அமைய என்னென்ன நடந்திருக்க வேண்டும்? கடலடியில் வண்டல் கிடைமட்டமாகப் படிந்து கல்லாக இறுக வேண்டும். அது மடங்கி நிமிர்ந்து மேலே வர வேண்டும். மழையும் காற்றும் அதன் தலையைத் தேய்க்க வேண்டும். தேய்ந்த தளத்தின்மேல் புதிய மணல் படிந்து, அதுவும் கல்லாகி, மீண்டும் சாய்ந்து உயர வேண்டும். ஆற்று வண்டல் இன்று படியும் வேகத்தை வைத்துப் பார்த்தாலே சில ஆயிரம் ஆண்டுகளில் இது முடியாது என்பது விளங்கிவிடும். இரு பாறைகளுக்கும் இடையில் 6 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது என்று இன்று அறிவோம்.

அடுத்தது அழிவு. ஓர் இனம் முற்றாக அழிந்துபோக முடியும் என்பதையே 18ஆம் நூற்றாண்டில் பலர் ஏற்கவில்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில் அது இன்னும் உலவிக்கொண்டிருக்கும் என்றே நினைத்தார்கள். 1796இல் பாரிஸில் ஜார்ஜ் கூவியே யானைகளின் தாடைகளையும் பற்களையும் ஒப்பிட்டார். இந்திய யானையும் ஆப்பிரிக்க யானையும் வெவ்வேறு இனங்கள், சைபீரியாவில் கிடைத்த மாமத் இவ்விரண்டிலிருந்தும் வேறு என்று நிறுவினார். அத்தனை பெரிய விலங்கு யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், அழிவை நிறுவிய கூவியே பரிணாமத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. உடலின் உறுப்புகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் ஒன்றை மட்டும் மாற்றினால் உயிரே நிலைக்காது என்பது அவர் வாதம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணிக்கு நில அளவை செய்த வில்லியம் ஸ்மித், ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் அதற்கே உரிய புதைபடிவங்கள் இருப்பதையும், அவற்றின் வரிசை ஊருக்கு ஊர் மாறாமல் வருவதையும் கண்டார். 1815இல் அவர் வெளியிட்ட நிலவியல் வரைபடம் அந்த வரிசையை நம்பியே வரையப்பட்டது. பரிணாமத்தை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. புதைபடிவ வரிசை பரிணாமவாதிகள் தங்கள் வசதிக்குக் கட்டியது என்று சொல்பவர்கள் இந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

மாற்றத்துக்கு முதன்முதலில் முழுமையான விளக்கம் தர முயன்றவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க். 1809இல் வெளிவந்த அவருடைய நூல், பயன்படுத்தும் உறுப்பு வளரும், பயன்படுத்தாதது தேயும், அந்த வளர்ச்சியும் தேய்வும் பிள்ளைகளுக்குப் போகும் என்றது. விடை தவறானது, ஆனால் இனங்கள் மாறுகின்றன, அதற்கு இயற்கையான காரணம் இருக்க வேண்டும் என்று துணிந்து கேட்ட கேள்வி சரியானது. அவரைக் கேலிப்பொருளாக்குவது நியாயமில்லை. பெற்ற பண்பு பிள்ளைக்குப் போகும் என்பதை டார்வினும் ஓரளவு நம்பினார்.

தீவுகளில் கிடைத்ததும் கிடைக்காததும்

டார்வின் உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பல் 1831 டிசம்பர் 27இல் புறப்பட்டு 1836 அக்டோபர் 2இல் திரும்பியது. பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகளில் ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகளின் அலகுகளைப் பார்த்ததும் டார்வினுக்குக் கோட்பாடு உதித்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் கதை உண்மையில்லை. 1835இல் அங்கே சுமார் ஐந்து வாரம் இருந்த அவர், ஃபிஞ்ச் பறவைகளில் பலவற்றை எந்தத் தீவில் பிடித்தது என்று குறிக்காமலே கலந்து வைத்துவிட்டார். அவை ஒரே குடும்பம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஓட்டைப் பார்த்தே ஆமை எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன் என அங்கிருந்த துணை ஆளுநர் கூறியபோதும் அவர் உடனே கவனம் செலுத்தவில்லை. உணவுக்காகக் கப்பலில் ஏற்றிய ஆமைகளைத் தின்றுவிட்டு ஓடுகளைக் கடலில் எறிந்துவிட்டார்கள்.

தீவுக்குத் தீவு வேறுபாடு அவர் கண்ணில் பட்டது மாக்கிங் பறவைகளில்தான். லண்டன் திரும்பிய பின் 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் அந்தச் சேகரிப்பை ஆராய்ந்தார். டார்வின் வெவ்வேறு குடும்பங்கள் என்று நினைத்த சிறு பறவைகள் எல்லாம் நெருங்கிய உறவுள்ள ஃபிஞ்ச் இனங்கள் என்றும், மாக்கிங் பறவைகள் மூன்று தனிச் சிற்றினங்கள் என்றும் தீர்ப்பளித்தார். பெயர்ச்சீட்டுக் குறையைச் சரிசெய்ய, தீவின் பெயரை எழுதி வைத்திருந்த கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் முதலானோரின் சேகரிப்பை டார்வின் நாட வேண்டியதாயிற்று. அந்த ஆண்டுதான் அவர் குறிப்பேட்டில் கிளைகள் பிரியும் மரம் ஒன்று வரையப்பட்டது.

மரம் முதல் கூற்று. இரண்டாவது கூற்று 1838 செப்டம்பர் இறுதியில், மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூலைப் படித்தபோது வந்தது. எல்லா உயிர்களும் பிழைக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் பெருகுகின்றன. மெதுவாகப் பெருகும் யானையை எடுத்தே டார்வின் பின்னாளில் கணக்குக் காட்டினார். ஒரு சோடி 30 வயதில் தொடங்கி 90 வயதுவரை ஆறு குட்டிகள் மட்டும் ஈன்று, நூறு வயதுவரை வாழ்ந்தால், 740 முதல் 750 ஆண்டுகளில் அந்தச் சோடியின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ 1.9 கோடி உயிரோடு இருக்கும். அப்படி நிறையவில்லை என்றால் பெரும்பாலானவை பிள்ளை பெறுமுன் மடிகின்றன என்று பொருள். யார் மடிகிறார்கள் என்பது முழுக்கத் தற்செயலாக இல்லாவிட்டால், தேர்வு நடக்கிறது.

கருத்து பிறந்தும் நூல் வர 21 ஆண்டுகள் ஆயின. 1842இல் சுருக்கம், 1844இல் நீண்ட கட்டுரை. தாம் இறந்தால் அதை வெளியிடும்படி மனைவிக்குக் கடிதம். அதன்பின் 1846 முதல் எட்டு ஆண்டுகள் பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் உயிர்களை அறுத்து ஆராய்ந்தார். பலர் இதை வீணாய்ப்போன காலம் என்கிறார்கள். நாங்கள் அப்படிக் கருதவில்லை. எந்த உறுப்பை எடுத்தாலும் ஒரே சிற்றினத்துக்குள் இத்தனை மாறுபாடு இருக்கிறது என்பதை அவர் கையால் தொட்டு அறிந்தது அங்கேதான். அந்த மாறுபாடு இல்லாவிட்டால் தேர்வுக்கு வேலையே இல்லை.

இதற்கிடையில் மலாய்த் தீவுக்கூட்டத்தில் பூச்சிகளும் பறவைகளும் சேகரித்து விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ், தாமாகவே அதே விடைக்கு வந்தார். 1858இன் தொடக்கத்தில் காய்ச்சலின் நடுவே எழுதிய கட்டுரையை டெர்னாத்தே தீவிலிருந்து டார்வினுக்கே அனுப்பினார். ஜூன் 18இல் அது கைக்கு வந்தது. டார்வினின் நண்பர்களான நிலவியலாளர் லயலும் தாவரவியலாளர் ஹூக்கரும் சேர்ந்து, டார்வினின் 1844 கட்டுரையில் ஒரு பகுதி, 1857இல் அவர் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதம், வாலஸின் கட்டுரை ஆகிய மூன்றையும் 1858 ஜூலை 1இல் லண்டன் லின்னியன் சங்கத்தில் வாசிக்க ஏற்பாடு செய்தார்கள். வாலஸ் அப்போது கீழ்த்திசையில். டார்வின் இறந்த கைக்குழந்தையை அடக்கம் செய்யும் துயரத்தில். 1859 நவம்பர் 24இல் நூல் வந்தது. முதற்பதிப்பு 1,250 படிகள்.

இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் இவர்களுக்கு முன்பே 1831இல் பேட்ரிக் மேத்யூ என்பவரின், கப்பல் மரங்களைப் பற்றிய நூலின் பின்னிணைப்பில் இருக்கிறது. யாரும் பொருட்படுத்தவில்லை. எண்ணம் தோன்றுவது எளிது. புறா வளர்ப்பு, தீவுகளின் உயிர்ப்பரவல், கருவளர்ச்சி, எச்ச உறுப்புகள் எனப் பத்துத் துறைகளின் சான்றுகளை அந்த ஒரே எண்ணத்தால் விளக்கிக் காட்டுவதுதான் கடினம். டார்வினுக்குரிய பெருமை அந்த உழைப்புக்கானது.

மூன்று நிபந்தனைகள்

இயற்கைத் தேர்வு நடக்க மூன்று வேண்டும். கூட்டத்துக்குள் மாறுபாடு இருக்க வேண்டும். அந்த மாறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டும். அதைப் பொறுத்து விட்டுச்செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை வேறுபட வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எதுவும் நகராது.

இதை 1903இல் டென்மார்க்கின் யோஹான்சென் அவரை விதைகளில் அழகாகக் காட்டினார். அவரை தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஒரே விதையிலிருந்து தொடர்ந்து வளர்த்த வழிமுறையில் எல்லாச் செடிகளும் மரபில் ஏறக்குறைய ஒன்றே. அந்த வழிமுறைக்குள் எடைகூடிய விதைகளையே பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி எடை கூடவில்லை. விதைகளுக்குள் எடை வேறுபாடு இருந்தது. ஆனால் அது மண்ணாலும் நெற்றில் இருந்த இடத்தாலும் வந்தது, மரபால் வரவில்லை. பல வழிமுறைகள் கலந்த மூட்டையில் பொறுக்கினால் சராசரி உடனே ஏறியது.

இரண்டாவது நிபந்தனையான மரபுதான் டார்வினின் கோட்பாட்டில் இருந்த ஓட்டை.

இரண்டு கணக்குகள், இரண்டும் பாதகம்

1867இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் எழுதிய மதிப்புரை அந்த ஓட்டையைச் சரியாகத் தொட்டது. பிள்ளை என்பது தாய் தந்தையின் பண்புகள் கலந்த சராசரி என்றே அக்காலத்தில் டார்வின் உட்பட எல்லோரும் நம்பினார்கள். வெள்ளைப் பெயிண்ட் வாளியில் ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்தால் என்ன ஆகும்? நன்மை தரும் புதுப்பண்பு ஒருவருக்கு வந்தால், பிள்ளையிடம் பாதி, பேரனிடம் கால், பத்தாம் தலைமுறையில் 1,024இல் ஒரு பங்கு. தேர்வு வந்து பிடிப்பதற்குள் அது கரைந்துவிடும். கூட்டத்தின் மொத்த மாறுபாடும் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகிக்கொண்டே போகும். மரபு கலவையாக இருந்தால் ஜென்கின் சொன்னது மறுக்க முடியாதது.

மற்றது வெப்பக் கணக்கு. டார்வின் முதற்பதிப்பில் தென்னிங்கிலாந்தின் வீல்டு பள்ளத்தாக்கு அரிக்கப்பட 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று தோராயமாக எழுதியிருந்தார். 1862இல் பின்னாளில் லார்ட் கெல்வின் ஆன வில்லியம் தாம்சன், பூமி உருகிய நிலையிலிருந்து குளிர்ந்துவருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார். தொடக்க வெப்பம் 7,000 டிகிரி ஃபாரன்ஹீட். சுரங்கங்களில் 50 அடி இறங்கினால் 1 டிகிரி ஏறுகிறது. பாறை வெப்பம் கடத்தும் வேகம் அளக்கப்பட்டது. இவற்றை வைத்தால் வயது 9.8 கோடி ஆண்டு வருகிறது. எல்லைகள் 2 கோடி முதல் 40 கோடி. பின்னாளில் அவர் இதை 2 கோடிக்கு நெருக்கமாகக் குறுக்கினார். டார்வின் தம் வீல்டு கணக்கை அதற்கு முன்பே, 1861இல் வந்த மூன்றாம் பதிப்பில் நீக்கியிருந்தார்.

கெல்வின் தவறியது கதிரியக்கத்தை அறியாததால் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அது முழு உண்மையில்லை. 1895இலேயே அவருடைய முன்னாள் உதவியாளர் ஜான் பெர்ரி சரியான இடத்தைச் சுட்டினார். பூமி முழுக்கத் திடமாக, வெப்பம் கடத்தலால் மட்டுமே வெளியேறுவதாகக் கெல்வின் கொண்டார். உள்ளே பொருள் மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்தால், மேற்பரப்பில் அதே 50 அடிக்கு 1 டிகிரி தெரிந்தாலும் வயது பல மடங்கு, நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் வரை, கூடும். சூத்திரத்தில் பிழையில்லை, ஊகத்தில் பிழை. கதிரியக்கம் பிறகு பாறைகளுக்குள்ளேயே கடிகாரத்தைத் தந்தது. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களின் ஈய ஐசோடோப்புகளை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று நிலைநாட்டினார்.

கையில் இருந்தும் தெரியாத விடை

மரபுக்கான விடை ஜென்கினின் மதிப்புரைக்கு முன்பே அச்சில் இருந்தது. ப்ர்னோ நகரத் துறவி கிரெகர் மெண்டல் 1856 முதல் 1863 வரை பட்டாணியில் செய்த சோதனை 1866இல் வெளிவந்தது. பட்டாணிப் பூ திறக்கும் முன்பே தன்னைத்தானே கருவூட்டிக்கொள்ளும். அதனால் அரும்பைப் பிரித்து, மகரந்தப்பைகள் முதிருமுன் கிள்ளி நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவி, பூவை உறையிட்டு மூட வேண்டும். அரும்பைப் பிரிக்கத் தாமதித்தால் கலப்பு என்று நினைப்பது தற்கருவூட்டலாகவே இருக்கும்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. கலவை மரபு சொல்வதுபோல் அரைச்சுருக்கம் ஒன்றும் வரவில்லை. அந்தக் கலப்புச் செடிகள் 253இலிருந்து 7,324 விதைகள்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. விகிதம் 2.96க்கு 1. மறைந்திருந்த சுருக்கம் ஒரு துளியும் நீர்த்துப்போகாமல் அப்படியே திரும்பி வந்தது. மரபு கலவைபோல் கரைவதில்லை. உடையாத துகள்களாகக் கைமாறுகிறது.

டார்வின் இதை அறியவில்லை. ஆனால் அவரும் அதே சோதனையை வேறு செடியில் செய்திருந்தார். இயல்பான ஸ்னாப்டிராகன் பூச்செடியை, ஒழுங்கான குழல்வடிவப் பூப்பூக்கும் வகையுடன் கலந்தார். முதல் தலைமுறை முழுக்க இயல்பான பூ. இரண்டாம் தலைமுறையில் 127 செடிகள்: 88 இயல்பு, 37 குழல்வடிவம், 2 இடைப்பட்டவை. 1868இல் இந்த எண்களை அவரே அச்சிட்டார். மூன்றுக்கு ஒன்றை நெருங்கும் விகிதம் கண்முன்னே இருந்தும் அதை விகிதமாகப் பார்க்கவில்லை. அதே நூலில் உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை விட்டு அவை இனப்பெருக்க உறுப்பில் சேர்கின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தார். அந்தத் துகள்கள் இரத்தத்தில் செல்கின்றனவா என்று அறிய அவருடைய உறவினர் கால்டன் முயல்களுக்கு இடையே இரத்தம் மாற்றிப் பார்த்தார். குட்டிகளில் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மான் ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டினார்; பிறந்த 901 குட்டிகளில் ஒன்றுக்கும் வால் குறையவில்லை.

1900இல் மெண்டலின் கட்டுரை மறுபடி கண்டெடுக்கப்பட்டது. அதோடு சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் தவறு, கூடியது. மெண்டலைக் கொண்டாடியவர்கள், உருண்டையா சுருக்கமா என்பதுபோல் பண்புகள் தாவித்தான் மாறும், ஆகவே பரிணாமமும் தாவல்களால்தான் நடக்கும், டார்வினின் படிப்படியான தேர்வு தேவையில்லை என்றார்கள். உயரம், எடை போன்றவற்றை அளந்துகொண்டிருந்த புள்ளியியலாளர்கள், பண்புகள் தொடர்ச்சியாக மாறுகின்றன, ஆகவே மெண்டலின் விதி சில்லறைப் பண்புகளுக்கு மட்டுமே என்றார்கள்.

இரு தரப்பையும் சேர்த்து வைத்தது 1918இல் ரொனால்ட் ஃபிஷர் எழுதிய கட்டுரை. ஒரே மரபணுச் சோடி சம பங்கு தந்தால் மூன்று அளவுகள் கிடைக்கும். பத்துச் சோடிகள் சேர்ந்தால் 21 அளவுகள். சூழலின் சிறு பாதிப்பையும் சேர்த்தால் இடைவெளிகள் மறைந்து தொடர்ச்சியான வளைகோடு வந்துவிடும். உயரம் தொடர்ச்சியாகத் தெரிவதற்கும் மரபு துகள்களாக இருப்பதற்கும் முரண்பாடே இல்லை. ஜென்கினின் கணக்கும் விழுந்தது: துகள் மரபில் மாறுபாடு பாதியாவதில்லை, வேறு விசை இல்லாவிட்டால் தலைமுறைகள் கடந்தும் அதே அளவில் நிற்கும்.

பிறகு ஃபிஷர், ஹால்டேன், சூவல் ரைட் மூவரும் 1930களின் தொடக்கத்துக்குள் தேர்வைக் கணக்காக்கிவிட்டார்கள். 1% மட்டுமே சாதகமான ஒரு மரபணு வகை, கூட்டத்தில் 1% இருந்து 99% ஆக ஏறக்குறைய 920 தலைமுறைகள் போதும். நிலவியல் காலத்தில் அது கண்ணிமைக்கும் நேரம். ஆனால் அதே மரபணு முதன்முதலில் ஒரே ஒரு உயிரியிடம் தோன்றும்போது நிலைபெறும் வாய்ப்பு வெறும் 2%தான். நூறில் 98 தடவை அது தற்செயலாகவே அழிந்துபோகும். நல்லது எல்லாம் நிலைக்கும் என்ற எண்ணம் தவறு என்பதை இந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது.

தேவை மாற்றத்தை வரவழைக்கிறதா?

லாமார்க்கின் எண்ணம் நுண்ணுயிரிகளில் இன்னும் உயிரோடு இருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைக் கொட்டினால் சில பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. வைரஸைக் கண்டபின் அவை தங்களை மாற்றிக்கொண்டனவா, அல்லது அதற்கு முன்பே தற்செயலாக மாறியவை மட்டும் பிழைத்தனவா? 1943இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் இதைப் பிரித்தறிய வழி கண்டார்கள்.

பல சிறு குழாய்களில் சில பாக்டீரியாக்களைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரஸ் பூசிய தட்டில் பரப்பி, பிழைத்து வளரும் புள்ளிகளை எண்ணினார்கள். வைரஸ்தான் மாற்றத்தைத் தூண்டுகிறது என்றால் எல்லாத் தட்டிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். முன்பே மாறியவை என்றால், சில குழாய்களில் மாற்றம் தொடக்கத்திலேயே நேர்ந்து அதன் பிள்ளைகள் பெருகியிருக்கும். மற்றவற்றில் ஒன்றுமே இருக்காது. ஒரு சோதனையில் 20 தட்டுகளில் 11இல் பூச்சியம்; மற்றவற்றில் 1, 3, 5 என்று சில; இரண்டில் 64, 107. சந்தேகத்துக்கு இடமில்லாத விடை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு எதிர்ப்பாற்றல் எழுவதைப் புரிந்துகொள்ள இதுதான் அடிப்படை. பெரும்பாலும் மருந்து அந்த எதிர்ப்பாற்றலை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருந்ததைத் தனித்து விட்டுவைக்கிறது.

டிஎன்ஏ வந்தபின்

மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ மூலக்கூறின் வடிவம் தெரியவந்த 1953க்குப் பிறகு முதல் கூற்றுக்கு, அதாவது பொது மூதாதைக்கு, டார்வின் கனவிலும் காணாத சான்றுகள் குவிந்தன. மனிதரிடம் குரோமோசோம் 23 சோடி; சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டானிடம் 24. ஒரு மூதாதை என்றால் ஒரு சோடி எங்கே போயிற்று? நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனைகளில் மட்டுமே இருக்கும் வரிசை எதிரெதிர் திசையில் ஒட்டிக் கிடக்கிறது. இரு குரோமோசோம்கள் முனையோடு முனை இணைந்த தழும்பு அது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம்மிடம் உடைந்து கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அதே உடைசல்களோடு கிடக்கிறது. கினிப்பன்றியிடமும் அது உடைந்ததே, ஆனால் தனியாக வேறு வகையில். தூரத்து உறவு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்ற வாசகம் இங்கே குழப்பம் தருகிறது. சிம்பன்சி நம் பாட்டனார் அல்ல. ஒன்றுவிட்ட சகோதர முறை.

இரண்டாம் கூற்றுக்கோ டிஎன்ஏ ஒரு திருத்தத்தையும் கொண்டுவந்தது. 1968இல் மோட்டூ கிமுரா, மூலக்கூறு அளவில் நிலைபெறும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் இல்லாதவை, தற்செயல் நகர்வால் நிலைத்தவை என்று வாதிட்டார். தேர்வு பொய் என்பது இதன் பொருளல்ல. அலகு, கண், நொதி என வேலைசெய்யும் அமைப்பைத் தேர்வே உருவாக்குகிறது. ஆனால் கண்ணில் படும் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் ஏதோ பயன் இருக்க வேண்டும் என்று கதை கட்டக்கூடாது.

நடக்கும்போதே அளந்தவை

கலாபகோஸின் டாஃப்னி மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் ஃபிஞ்ச் பறவைகளுக்கு வளையமிட்டு அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் முதலில் தீர்ந்தன. தடித்த முள்தோட்டுக்குள் இருக்கும் பெரிய விதைகளே எஞ்சின. நடுத்தர நிலஃபிஞ்ச் பறவைகளில் சுமார் 85% மடிந்தன. பிழைத்தவற்றின் பிள்ளைகளுக்கு அலகின் ஆழம் சராசரியில் சுமார் அரை மில்லிமீட்டர் கூடியிருந்தது. 1983இல் எல் நினோ பெருமழை வந்து சிறுவிதைச் செடிகள் மூடியபோது தேர்வு எதிர்த்திசையில் திரும்பியது. பரிணாமத்துக்கு முன்னேற்றம் என்ற திசை கிடையாது. அந்தந்தக் காலத்துச் சூழல்தான் திசை.

இங்கிலாந்தின் புள்ளி அந்துப்பூச்சியில் முதல் கரிய வகை 1848இல் மான்செஸ்டரில் பதிவானது. 1895 வாக்கில் அங்கே 98% கரியவை. ஆலைப் புகை படிந்த மரங்களில் வெளிர் வகை பறவைகளின் கண்ணில் எளிதில் பட்டது. 1950களில் செய்த களச்சோதனைகளில் குறைகள் உண்டு: பூச்சிகளை இயல்பாக அமராத இடங்களில், அதிக நெருக்கத்தில் வைத்தார்கள். மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் ஆறு ஆண்டுகள் அந்தக் குறைகளை நீக்கி மறுபடி செய்தார். காற்று தூய்மையான பின் கரியவையே அதிகம் வேட்டையாடப்பட்டன. 2016இல் காரணமும் கிடைத்தது: இடம்மாறும் டிஎன்ஏ துண்டு ஒன்று, ஏறக்குறைய 22,000 எழுத்து நீளம், கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் நுழைந்திருந்தது.

இவற்றைவிட நெருக்கமாகப் பார்த்த சோதனை ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் தொடங்கியது. ஒரே ஈ.கோலை பாக்டீரியாவின் வழிவந்த 12 கூட்டங்கள், ஒவ்வொன்றும் 10 மில்லிலிட்டர் கரைசலில், 37 டிகிரி செல்சியஸில். தினமும் 0.1 மில்லிலிட்டரை எடுத்துப் புதிய 9.9 மில்லிலிட்டரில் விடுவார்கள். நூறு மடங்கு வளர்ந்ததும் கரைசலில் உணவாக இருக்கும் குளுக்கோஸ் தீர்ந்துவிடும். நூறு மடங்கு என்றால் 6.64 இரட்டிப்பு, அதாவது நாளுக்கு ஆறரைத் தலைமுறைக்குச் சற்று மேல். 75 நாளுக்கு ஒருமுறை, 500 தலைமுறையில், மாதிரியை உறையவைத்துப் பத்திரப்படுத்துவார்கள். வேண்டும்போது உருக்கினால் மூதாதையே எழுந்து வந்து வழித்தோன்றலோடு போட்டியிடும்.

கரைசலில் சிட்ரேட் என்ற சேர்மமும் நிறைய உண்டு. ஆனால் ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஈ.கோலைக்கு அதை உள்ளே இழுக்கத் தெரியாது. அந்த இனத்தின் அடையாளங்களில் ஒன்றே அது. சுமார் 33,000ஆம் தலைமுறையில் ஒரே ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கித் தெரிந்தது. வேறு பாக்டீரியா கலந்துவிட்டதா என்றுதான் முதலில் சந்தேகித்தார்கள். மரபணு அடையாளங்களைச் சரிபார்த்தபோது அதே கூட்டம்தான். சிட்ரேட்டை உண்ணக் கற்றிருந்தது.

உறைந்த மாதிரிகளிலிருந்து அந்தக் கூட்டத்தைப் பல தலைமுறைப் புள்ளிகளில் மறுபடி வளர்த்துப் பார்த்தார்கள். 20,000ஆம் தலைமுறைக்கு முந்தைய எந்த மாதிரியிலிருந்தும் சிட்ரேட் உண்பவை எழவில்லை. பிந்தையவற்றிலிருந்து சில தடவை எழுந்தன. முன்னதாக நிலைபெற்ற வேறு மாற்றங்கள் வழியைத் திறந்துவைத்திருந்தன. கடைசி அடியும் பின்னர் கண்டறியப்பட்டது: சிட்ரேட்டை உள்ளே கடத்தும் மரபணு இரட்டித்து, அதன் புதிய படி, ஆக்சிஜன் இருக்கும்போது மரபணுவை இயக்கிவிடும் வேறொரு தூண்டுபகுதிக்கு அருகில் போய் அமர்ந்திருந்தது.